கண் திறந்திருந்தது, பிள்ளை என்னைப் பார்க்கவில்லை

வாசகர் கேள்வி:

என் மகளுக்கு எட்டு மாதம். பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை. பால் குடிக்கும்போதே வியர்த்துக் கொட்டும், எடை ஏறவே இல்லை. போன மாதம் ஆபரேஷன் செய்தார்கள். நுரையீரலில் அழுத்தம் அதிகம் என்று ஐந்து நாள் வென்டிலேட்டரில் வைத்திருந்தார்கள். டியூபை எடுத்த பிறகு என்னை உள்ளே கூப்பிட்டார்கள். கண் திறந்திருந்தது, ஆனால் பிள்ளை என்னைப் பார்க்கவில்லை. கூப்பிட்டும் திரும்பவில்லை. பகலெல்லாம் துவண்டு கிடந்தாள். ராத்திரியானால் வீறிட்டு அழுதாள், தூக்கி அணைத்தாலும் அடங்கவில்லை. காற்றில் எதையோ பிடிப்பதுபோல் கையை ஆட்டினாள். “மயக்க மருந்து வேலை, சரியாயிடும்” என்றார்கள். மூன்றாம் நாள் ஒரு மூத்த நர்ஸ் ஏதோ படிவத்தை எழுதிக் கூட்டி “18” என்றார். டாக்டர் வந்து “டெலிரியம்” என்றார். நாலைந்து நாளில் தெளிந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகிறது. சிரிக்கிறாள், விளையாடுகிறாள். ஆனால் ராத்திரி நாலைந்து முறை அலறி எழுகிறாள். அந்த வார்த்தையை நெட்டில் தேடினால் மனநோய் என்று வருகிறது. என் மகளுக்குப் புத்தி பிசகிவிட்டதா? மூளை பாதித்திருக்குமா? மாமியார் “பிள்ளை பயந்திருக்கு, மந்திரிக்கணும்” என்கிறார். தூங்க வைக்க சிரப் கொடுக்கலாமா? என் நாத்தனாருக்கு 34 வாரத்தில் பிறந்த குழந்தை ஒன்பது நாளாக இன்குபேட்டரில் இருக்கிறது. அதற்கும் இது வருமா? நான் அந்த ஐந்து நாளும் உள்ளே இருந்திருந்தால் என் பிள்ளைக்கு இப்படி ஆகியிருக்காதோ?

— ஒரு தாய், கரூர் மாவட்டம்

குழந்தைகள் தீவிர சிகிச்சை மருத்துவரின் பதில்:

அன்புத் தங்கைக்கு,

உங்கள் மகளுக்கு வந்தது மனநோய் இல்லை. புத்தியும் பிசகவில்லை. இந்த இரண்டையும் முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், மற்றதை நிதானமாகப் பேசுவோம்.

உடம்பில் பெரிய நோய் ஒன்று வரும்போது, அல்லது அதற்கான மருந்துகள் சேரும்போது, மூளை சில நாளுக்குத் தன் வேலையில் தடுமாறிப் போகிறது. கவனம் ஒன்றில் நிற்காது. சுற்றி நடப்பது பிடிபடாது. இரவு பகலாகும், பகல் இரவாகும். காலையில் தெளிந்திருப்பவர் சாயங்காலம் கலங்கிப்போவார். இதுதான் டெலிரியம். கடும் காய்ச்சலில் கிடக்கும் தாத்தா, “மாடு அவுத்துக்கிட்டு ஓடுது, பிடிங்கடா” என்று கட்டிலை விட்டு எழப் பார்ப்பதை நம் வீடுகளில் பார்த்திருக்கிறோம். ஜன்னி கண்டுவிட்டது என்போம். உங்கள் மகளுக்கு வந்ததும் அந்த இனம்தான். ஊர்ப்பக்கம் குழந்தைக்கு வரும் வலிப்பையும் ஜன்னி என்று சொல்வதால், குழப்பம் வேண்டாம் என்று இங்கே அந்தச் சொல்லை விட்டுவிடுகிறேன்.

தாத்தா பிதற்றுகிறார், அதனால் வீட்டில் எல்லோருக்கும் தெரிகிறது. எட்டு மாதக் குழந்தை எதைச் சொல்லிப் பிதற்றும்? அதனாலேயே கைக்குழந்தைகளுக்கு டெலிரியம் வரும் என்பதை மருத்துவ உலகம் வெகுகாலம் கவனிக்கவில்லை. நான் படித்த காலத்தில் எங்களுக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. அழுதால் வலி, துவண்டால் மயக்கம், அவ்வளவுதான் எங்கள் கணக்கு.

அந்த நர்ஸ் எழுதிய படிவம் எது என்பதை 18 என்ற எண்ணை வைத்தே ஊகிக்க முடிகிறது. நியூயார்க்கின் கார்னெல் மருத்துவமனையில் சானி டிராப் என்ற மருத்துவரும் அவர் குழுவும் உருவாக்கி 2014-ல் வெளியிட்ட அளவுகோல் அது. எட்டுக் கேள்விகள். கவனித்துக்கொள்பவரின் கண்ணைக் குழந்தை பார்க்கிறதா? அதன் அசைவில் ஒரு நோக்கம் தெரிகிறதா? சுற்றியிருப்பதை உணர்கிறதா? வேண்டியது வேண்டாததை ஏதாவது ஒரு விதத்தில் தெரிவிக்கிறதா? நிலைகொள்ளாமல் தவிக்கிறதா? எதற்கும் சமாதானம் ஆகாமல் அழுகிறதா? விழித்திருக்கும்போதும் அசைவில்லாமல் கிடக்கிறதா? தொட்டாலும் பேசினாலும் பதில் வர நேரமாகிறதா? ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். மொத்தம் 32. அதில் 9 அல்லது அதற்கு மேல் வந்தால் டெலிரியம் இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு மருத்துவர் வந்து பார்க்க வேண்டும். இதற்கு ஊசி வேண்டாம், ஸ்கேன் வேண்டாம். தன் ஷிஃப்ட் முழுக்கக் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து எழுதினால் போதும். ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு எழுதக்கூடாது. டெலிரியம் ஏறி இறங்கும் இயல்புடையது, எட்டிப் பார்க்கும் நேரத்தில் ஒளிந்துகொள்ளும்.

இந்தக் கேள்விகளுக்கு வயதைப் பார்த்துத்தான் பதில் எழுத வேண்டும். பிறந்த குழந்தை அருகில் வரும் முகத்தில் ஒரு நொடி கண்ணை நிறுத்தும், அதற்கு அதுவே போதும். ஆறு வாரத்தில் பார்வை நின்று பேசும். எட்டு மாதக் குழந்தை அம்மா எங்கே என்று தேடும், கிலுகிலுப்பையை நீட்டினால் நேராகக் கை நீட்டிப் பிடிக்கும், வேற்று முகத்தைக் கண்டால் உதட்டைப் பிதுக்கும். உங்கள் மகள் கண் திறந்திருந்தும் உங்களைப் பார்க்காமல், கூப்பிட்டும் திரும்பாமல், காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். “பிள்ளை என்னைப் பார்க்கவில்லை” என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, அந்தப் படிவத்தின் முதல் கேள்வி அதுதான். நர்ஸ் மூன்றாம் நாள் கண்டதை நீங்கள் முதல் நாளே கண்டிருக்கிறீர்கள்.

என் அனுபவம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன், நான் வேலை பார்த்த ஒரு ஐ.சி.யு.வில் ஐந்து மாத ஆண் குழந்தை ஒன்று. மோசமான நிமோனியா, வென்டிலேட்டரில் இருந்து மீண்டவன். அழுவதில்லை, டியூபை இழுப்பதில்லை. அரைக்கண் திறந்து கிடப்பான். “இந்த வார்டிலேயே சமத்து இவன்தான்” என்று எல்லோரும் சொன்னோம், நானும் சொன்னேன். பார்வையாளர் நேரத்தில் வந்த அவன் அப்பத்தா கொஞ்ச நேரம் அவன் முகத்தையே பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். “கண்ணு இங்க இருக்கு சார், பிள்ளை இங்க இல்ல” என்றார். வயதானவர், பயந்துபோயிருக்கிறார் என்று நினைத்து ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டேன். மறுநாள் இரத்தப் பரிசோதனையில் சோடியம் நன்றாக இறங்கியிருந்தது. ரத்தத்தில் கிருமியும் சேர்ந்திருந்தது. பிழைத்துக்கொண்டான். ஆனால் ஒரு முழு நாள் முன்னதாகவே அந்த அம்மாள் எனக்குச் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து பெற்றவர்களோ பாட்டியோ “இது எங்க பிள்ளை மாதிரி இல்ல” என்று சொன்னால், அதை ஒரு பரிசோதனை முடிவுபோல எடுத்துக்கொண்டு கேஸ் ஷீட்டில் எழுதிவிடுகிறேன்.

டெலிரியத்தில் முரண்டு பிடித்துக் கத்துகிற வகை எல்லோர் கண்ணிலும் படும். அமைதியாகத் துவண்டு கிடக்கிற வகையும், உங்கள் மகளுக்கு வந்ததுபோலப் பகலில் துவண்டு இரவில் கத்துகிற கலப்பு வகையும்தான் குழந்தைகளிடம் அதிகம். தப்பிப் போவதும் அவைதான். டிராப் குழுவினர் பல நாடுகளின் குழந்தைகள் ஐ.சி.யு.க்களில் நடத்தி 2017-ல் வெளியிட்ட ஆய்வில் நான்கில் ஒரு குழந்தைக்கு டெலிரியம் இருந்தது. இரண்டு வயதுக்குக் கீழே, வென்டிலேட்டர், தூக்க மருந்துகள், கை கால்களைக் கட்டி வைத்தல் ஆகியவை ஆபத்தைக் கூட்டின. இதய அறுவை முடிந்த குழந்தைகளுக்கு இன்னும் அதிகமாகவே வருகிறது. உங்கள் மகளுக்கு இவற்றில் பலவும் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. யாரும் ஏதோ பெரிய தவறு செய்தால்தான் வரும் என்று இல்லை.

ஆனால் ஒரு சுழல் இருக்கிறது, அதைப் பற்றி எனக்கு மனத்தாங்கல் உண்டு. வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தை டியூபைப் பிடுங்கிவிடக்கூடாது என்று தூக்க மருந்து ஓடும். பெரும்பாலும் மிடசோலம். அது அவசியமான மருந்து, நானும் கொடுக்கிறேன். ஆனால் டெலிரியத்தைக் கொண்டுவரும் மருந்துகளில் அதற்கு முக்கிய இடம் உண்டு, அளவு கூடக் கூட ஆபத்தும் கூடும். இரவு இரண்டு மணிக்குக் குழந்தை தவித்து அழுகிறது. அழுகிறதே என்று இன்னொரு டோஸ் போடுகிறோம். ஒரு மணி நேரம் தூங்குகிறது. அது தூக்கம் மாதிரி தெரிந்தாலும் மூளைக்கு ஓய்வு தருகிற தூக்கம் இல்லை. மருந்து இறங்கியதும் முன்பைவிடக் கலங்கி எழுகிறது. மறுபடி டோஸ். விடிவதற்குள் நாமே நோயை வளர்த்துவிடுகிறோம். இந்தச் சுழலை அறுக்க வேண்டுமானால் டோஸ் போடுமுன் ஒரு நிமிடம் நின்று, இது வலியா, பசியா, மூச்சுத் திணறலா, டெலிரியமா என்று கேட்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஐந்து நாளுக்கு மேல் ஓடிய மார்ஃபின் வகை வலி மருந்தையோ மிடசோலத்தையோ சட்டென்று நிறுத்தினால் உடம்பு அதைத் தேடும். கொட்டாவி, தும்மல், வியர்வை, கை நடுக்கம், பேதி, காய்ச்சல் எல்லாம் வரும். டெலிரியத்தோடு இதைக் குழப்பிக்கொள்வது எளிது, சமயத்தில் இரண்டும் சேர்ந்தே இருக்கும். அங்கே மருந்தைப் படிப்படியாகத்தான் இறக்க வேண்டும்.

டெலிரியம் என்று தெரிந்துவிட்டால் நாங்கள் செய்வது, அல்லது செய்ய வேண்டியது, முதலில் காரணத்தைத் தேடுவது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் சரியாக இருக்கிறதா, சர்க்கரை, சோடியம், கால்சியம் எப்படி, புதிதாகக் கிருமி சேர்ந்திருக்கிறதா, கல்லீரலும் சிறுநீரகமும் வேலை செய்கின்றனவா, வலி அடங்கியிருக்கிறதா என்று பார்ப்போம். ஓடுகிற மருந்துகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, இது இன்னும் தேவைதானா என்று கேட்போம். வெறித்த பார்வையும் சின்னச் சின்னத் துடிப்பும் இருந்தால் வெளியே தெரியாத வலிப்பாக இருக்குமோ என்று, மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. எடுப்போம். டெலிரியம் என்று பெயர் வைத்துவிட்டு அதோடு நிறுத்துவது பெரிய தவறு. அதற்கு அடியில் எப்போதும் ஒரு காரணம் கிடக்கிறது.

அடுத்து, மருந்தில்லாத மருத்துவம். என் மனதுக்கு நெருக்கமானது இதுதான். பகலில் திரையை விலக்கி வெளிச்சம், இரவில் விளக்கைத் தணித்தல். பச்சிளங்குழந்தைப் பிரிவில் சத்தம் 45 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகத்தின் பரிந்துரை. இது ஒரு வீட்டின் சாதாரணப் பேச்சை விடக் குறைவு. நம் ஐ.சி.யு.க்களில் ஒரு ஸ்டீல் டிரே கீழே விழும் சத்தத்தை நினைத்துப் பாருங்கள். ரத்தம் எடுப்பது, துடைப்பது, துணி மாற்றுவது எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் முடித்துவிட்டு மீதி நேரம் தூங்க விடுவது. கையைக் கட்டியிருக்கும் துணியை அவிழ்த்துவிட்டு, அந்த இடத்தில் அம்மாவின் விரலை வைப்பது. தேவையில்லாத டியூப்களை அன்றே எடுப்பது. டியூபோடு இருந்தாலும் நிலை சீராக இருந்தால் மடியில் வைத்துக்கொள்ள விடுவது.

ஒரு தடவை ஏழு மாதக் குழந்தை ஒன்று மூன்று இரவாகத் தூங்காமல் கத்திக்கொண்டிருந்தது. அந்த அம்மாவை உட்கார வைத்து, அவர் கட்டிப் பழசாகிப்போன நூல் சேலையில் ஒரு துண்டைக் குழந்தையின் கன்னத்தோரம் போட்டோம். அவர் தாலாட்டுப் பாடவில்லை, வெட்கப்பட்டார். “உங்க அக்கா ஸ்கூலுக்குப் போயிட்டா, கோழி முட்டை வெச்சிருக்கு” என்று வீட்டுக் கதையை மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே இருந்தார். முக்கால் மணி நேரம் கழித்து அந்தப் பிள்ளை அவர் வாயையே பார்க்கத் தொடங்கியது. மானிட்டரில் இதயத்துடிப்பு 170-லிருந்து 130-க்கு இறங்கியதை நர்ஸ் எனக்குக் கை காட்டினார். அன்று இரவு நாங்கள் ஒரு டோஸ் கூடப் போடவில்லை.

ஆஸ்பத்திரியில் டெலிரியத்துக்குத் தரும் மருந்துகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நெட்டில் படித்துப் பயந்திருப்பீர்கள். மிடசோலத்தைக் குறைத்து, முடிந்த இடத்தில் டெக்ஸ்மெடிடோமிடின் என்ற வேறு மருந்துக்கு மாறுவது இப்போதைய வழக்கம். மனநோய்க்குத் தரும் ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன், குவெட்டியாபின் போன்றவற்றை டெலிரியம் வராமல் தடுக்கவோ சீக்கிரம் தீர்க்கவோ வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று 2022-ல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல் சொல்கிறது. மற்ற எதற்கும் அடங்காமல் குழந்தை தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் நிலையில், இ.சி.ஜி. பார்த்துக்கொண்டு, சிறிய அளவில், சில நாள் தருவதுண்டு. டிஸ்சார்ஜ் சீட்டில் அப்படி ஒரு பெயர் இருந்தால் அதைப் பார்த்து மகளுக்கு மனநோய் என்று முடிவு கட்டாதீர்கள்.

மூளை பாதித்திருக்குமா என்றால், டெலிரியம் பெரும்பாலான குழந்தைகளுக்குச் சில நாட்களில் தெளிந்துவிடுகிறது, உங்கள் மகளுக்கும் தெளிந்துவிட்டது. சிரிக்கிறாள், விளையாடுகிறாள் என்பது மிக நல்ல செய்தி. ஆனாலும் இதய அறுவை, வென்டிலேட்டர், டெலிரியம் எல்லாம் கடந்து வந்த குழந்தையின் வளர்ச்சியைக் கொஞ்சம் கூடுதலாகக் கவனிக்கத்தான் வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் செய்துகொண்டிருந்தவற்றை, அதாவது குப்புற விழுவது, பொருளை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றுவது, ம்மா ப்பா என்று மழலை பேசுவது எல்லாவற்றையும் மறுபடி செய்கிறாளா என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவாருங்கள். ஒன்றிரண்டு வாரம் பின்தங்கினால் பதற வேண்டாம், படுத்தே கிடந்த குழந்தைக்குக் கழுத்தும் முதுகும் தளர்ந்திருக்கும். இரண்டு மாதத்துக்குப் பிறகும் திரும்பி வராவிட்டால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இருக்கும் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்துக்குக் கூட்டிப்போங்கள். இயன்முறை, பேச்சு, வளர்ச்சி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் இலவசமாகப் பார்ப்பார்கள்.

இரவில் அலறி எழுவதற்கு ஒரே காரணம் இருக்காது. எட்டு மாதம் என்பது பொதுவாகவே அம்மாவை விட்டுப் பிரியப் பயப்படும் வயது. அதோடு ஐ.சி.யு.வில் இரவு பகல் தெரியாமல் கிடந்த உடம்பு தன் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளச் சில வாரங்கள் ஆகும். காலையில் எழுந்ததும் வாசலில் வெளிச்சத்தில் வைத்திருங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் டி.வி., செல்போன் வெளிச்சம் வேண்டாம். உடம்பைத் துடைப்பது, பால், தட்டிக்கொடுப்பது என்று தினமும் ஒரே வரிசையில் செய்யுங்கள். அலறினால் உடனே எடுத்துக்கொள்ளுங்கள். “கைப்பழக்கம் ஆயிடும்” என்று யாராவது சொன்னால், டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று சொல்லிவிடுங்கள்.

தூக்கும் முறையையும் பாருங்கள். நெஞ்செலும்பை வெட்டிச் செய்த அறுவை என்றால் சுமார் ஆறு வாரத்துக்குக் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கக்கூடாது. ஒரு கை கழுத்துக்கும் முதுகுக்கும் கீழே, இன்னொரு கை பிட்டத்துக்குக் கீழே என்று அள்ளி எடுக்க வேண்டும். ராத்திரி இருட்டில் அவசரமாக வழக்கம்போலத் தூக்கிவிடுகிறோம், பிள்ளை இன்னும் வீறிடும், நாம் பயம் என்று நினைத்துக்கொள்வோம். டிஸ்சார்ஜ் மருந்துகளில் படிப்படியாகக் குறைக்கச் சொன்ன சொட்டு மருந்து ஏதாவது இருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சிரப் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். இதில் நான் பிடிவாதமாகவே இருப்பேன். மெடிக்கலில் கேட்டதும் எடுத்துத் தரும் சளி மருந்துகளிலும் ஒவ்வாமை மருந்துகளிலும் தூக்கம் வருகிறதே, அதே மருந்துகள் கைக்குழந்தையின் மூளையைக் குழப்பி டெலிரியத்தை வரவழைக்கக் கூடியவை. முகம் சிவந்து, கண்மணி விரிந்து, வாய் வறண்டு, காற்றில் துழாவும் குழந்தையை அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்தால், என்ன சிரப் கொடுத்தீர்கள் என்பதுதான் என் முதல் கேள்வியாக இருக்கும். குளோர்ஃபெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்குக் கீழே தரக்கூடாது என்று 2023 டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே உத்தரவிட்டது. ஒவ்வாமைக்குத் தரும் புரோமெதசின் இரண்டு வயதுக்குக் கீழே கூடவே கூடாது, மூச்சையே நிறுத்திவிடலாம். வயிற்று வலிக்குத் தரும் டைசைக்ளோமின் சொட்டு ஆறு மாதத்துக்குக் கீழே ஆபத்து.

வீட்டு மருந்தும் இதில் சேர்த்தி. “நல்லாத் தூங்கும்” என்று ஜாதிக்காயை இழைத்து நாக்கில் தடவுவது நம் வழக்கம். ஜாதிக்காய் அளவு மீறினால் அதுவே படபடப்பையும் பிரமையையும் உண்டாக்கும். உரைகல்லில் இழைத்தது எத்தனை மில்லிகிராம் என்று யாருக்குத் தெரியும்? இதய அறுவை செய்த பிள்ளைக்கு அந்தச் சோதனை வேண்டாம். வசம்பும் உள்ளே போகக்கூடாது.

மாமியார் மேல் கோபப்படாதீர்கள். “பிள்ளை பயந்திருக்கு” என்று அவர் சொன்னது ஒரு விதத்தில் சரியான கவனிப்புதான். டெலிரியத்தில் இருந்து மீண்ட பெரியவர்கள், அந்த நாட்களில் பயங்கரமான காட்சிகளைக் கண்டதாகச் சொல்கிறார்கள். சொல்லத் தெரியாத குழந்தை என்ன கண்டதோ. கோயிலுக்கோ தர்காவுக்கோ கூட்டிப்போய் மந்திரிப்பதில் அவருக்கு மனம் ஆறும் என்றால் போய்வாருங்கள். மூன்று விஷயத்தில் மட்டும் உறுதியாக இருங்கள். கழுத்தில் கயிறு கட்டக்கூடாது, தூக்கத்தில் இறுக்கிவிடும். விபூதித் தண்ணீரோ வேறு எதுவுமோ வாயில் ஊற்றக்கூடாது. தையல் போட்ட இடத்தில் எதையும் பூசக்கூடாது. கூட்டமான நாளைத் தவிர்த்துப் போனால் காய்ச்சல் ஒட்டாமல் வரலாம்.

இதெல்லாம் இருக்கும்போதே ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பால் குடிக்க மறுத்தால், எழுப்பினாலும் எழாமல் தூங்கினால், வலிப்பு வந்தால், ஒரு பக்கக் கை கால் அசையாமல் போனால், மூச்சு வாங்கினால், உதடு நீலம் பாய்ந்தால், காய்ச்சல் வந்தால், உச்சிக்குழி புடைத்தால், தையலில் சீழ் வந்தால், அல்லது மறுபடியும் உங்கள் முகத்தைப் பார்க்காமல் போனால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

இனி உங்கள் நாத்தனார் குழந்தை. 34 வாரத்தில் பிறந்து ஒன்பது நாள் ஆன குழந்தைக்கு நான் மேலே சொன்ன கேள்விகள் பொருந்தாது. வயிற்றுக்குள் இருந்திருந்தால் அதற்கு இப்போதுதான் 35 வாரம். நாளின் பெரும்பகுதி தூங்கும், கண் நிலைக்காது, அது இயல்பு. இன்குபேட்டரில் தானாக மூச்சு விட்டுக்கொண்டு, டியூபிலோ பாலாடையிலோ பால் ஏற்றுக்கொண்டு எடை கூடிவரும் குழந்தைக்கு டெலிரியம் வருமோ என்று நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. மாதக்கணக்கில் வென்டிலேட்டரிலும் தூக்க மருந்திலும் கிடக்கும் குழந்தைகள் வேறு. 2016-ல் நியூயார்க் மருத்துவர்கள் தங்கள் பச்சிளங்குழந்தைப் பிரிவில் இருந்த அப்படிப்பட்ட மூன்று குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். மூன்றும் பிரசவத் தேதியைக் கடந்து சில வாரங்கள் ஆனவை. பச்சிளங்குழந்தைப் பிரிவிலும் டெலிரியத்தை நினைவில் வைக்க வேண்டும் என்று எங்கள் துறைக்கு உணர்த்திய கட்டுரை அது.

ஒன்பது நாள் குழந்தையிடம் வேறு ஒன்றைக் கவனிக்கச் சொல்லுங்கள். நேற்று வரை பாலை உறிஞ்சிய பிள்ளை இன்று உறிஞ்சவில்லை, நேற்று சிணுங்கியது இன்று துணிபோலக் கிடக்கிறது, அழுகை கீச்சென்று மாறிவிட்டது, உடம்பு வில்லாக வளைகிறது என்றால் அங்கே டெலிரியம் என்ற யோசனைக்கே இடமில்லை. கிருமித் தொற்று, சர்க்கரை இறங்குவது, மஞ்சள் காமாலை மூளைக்கு ஏறுவது, வலிப்பு, மூளையில் ரத்தக்கசிவு இவற்றில் ஒன்றாக இருக்கலாம். அந்த நிமிடமே டாக்டரைக் கூப்பிட வேண்டும். “நேத்து இருந்த மாதிரி இல்ல” என்று சொல்ல அந்த அம்மா தயங்கக்கூடாது.

கூடவே, குழந்தையை நெஞ்சோடு தோல்பட அணைத்துக்கொள்ளும் கங்காரு பராமரிப்பைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். எடை குறைந்து பிறந்த குழந்தைக்கு ஒரு நாளில் 8 முதல் 24 மணி நேரம், எவ்வளவு முடியுமோ அவ்வளவு, கொடுக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2022 பரிந்துரை. அம்மா களைத்தால் அப்பா சட்டையைக் கழற்றிவிட்டு வாங்கிக்கொள்ளலாம். பெற்றோரை உள்ளே விட்டுப் பராமரிப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2017-லேயே அரசுப் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளுக்கு வழிகாட்டுதல் தந்திருக்கிறது. அதனால் “உள்ளே வரலாமா?” என்று கேட்பது சலுகை கேட்பதாகாது.

கடைசியாக, நான் உள்ளே இருந்திருந்தால் என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் உள்ளே இருந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் இருக்க விடாதது உங்கள் தவறா? கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஐந்து நாளும் உங்களை உள்ளே கூப்பிடாதது என்னைப் போன்றவர்கள். அதை நாங்கள்தான் மாற்ற வேண்டும், சில இடங்களில் மாற்றியும் வருகிறோம். உள்ளே விட்ட அன்றைக்கு நீங்கள் செய்ததைச் சரியாகச் செய்தீர்கள். பார்த்தீர்கள், கூப்பிட்டீர்கள், மாற்றத்தைக் கண்டீர்கள், கேட்டீர்கள்.

அடுத்த எக்கோவுக்கு (இதய ஸ்கேனுக்கு) போகும்போது டிஸ்சார்ஜ் சீட்டில் “டெலிரியம்” என்ற சொல் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பல சீட்டுகளில் அது விட்டுப்போகும். இல்லாவிட்டால் எழுதித் தரச் சொல்லுங்கள். எந்தத் தேதியில் வந்தது, எத்தனை நாள் இருந்தது, அப்போது என்ன தூக்க மருந்து ஓடியது, எதில் தெளிந்தாள் என்ற நான்கும் போதும். இனி எப்போதாவது அவளுக்கு மயக்க மருந்து தர வேண்டி வந்தால், அந்தத் தாளை மயக்கவியல் மருத்துவர் கையில் கொடுங்கள். உங்கள் பழைய சேலையில் ஒரு துண்டையும் துவைத்து, காயவைத்து, அந்த ஃபைலோடு வைத்திருங்கள்.